ஓடையோரத்தில் சலமாண்டர் தேடுவது எப்படி: தெற்கு அப்பலாச்சிய மலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்கு உறவான, பல்லிபோல் வாலுள்ள சலமாண்டர் அப்படிக் கெடுவதில்லை. தவளைபோல் கத்தி இடத்தைக் காட்டிக்கொடுக்காது. பகலில் பெரும்பாலும் வெளியே வராது. வந்தாலும் ஈரக் கல்லின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும். காதை நம்பித் தேட முடியாத விலங்கு. அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருந்தே தீர வேண்டும் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் நின்றால்தான் கண்ணில் படும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சலமாண்டர் கிடையாது. இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் பக்கம் கிழக்கு இமயமலைக்கோ வடகிழக்குக்கோ போக வேண்டும். ஆனால் அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் சார்லட்டிலும் ராலேயிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, உலகிலேயே சலமாண்டர் வகைகள் மிக அதிகமாக நெருங்கி வாழும் இடமான தெற்கு அப்பலாச்சிய மலைத்தொடர் சில மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. வட கரோலினா, டென்னசி எல்லையில் நிற்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் மட்டும் ஏறத்தாழ 30 இனங்கள். அதைச் சுற்றியுள்ள பிஸ்கா, நாண்டஹாலா தேசியக் காடுகளிலும் அநேகமாக ஒவ்வொரு சிற்றோடையிலும் இவை உண்டு. வார விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள் அருவியைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த அருவிச் சாரலில் நனைந்த பாறை இடுக்கிலேயே நாலைந்து சலமாண்டர் இருந்திருக்கும்.

நுரையீரல் இல்லாத விலங்கு

இந்த மலைகளின் சலமாண்டர்களில் பெரும்பாலானவை பிளெத்தோடான்டிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நுரையீரலே கிடையாது. தோல் வழியாகவும் வாயின் உட்சவ்வு வழியாகவும்தான் சுவாசம். தோல் ஈரமாக இருந்தால்தான் ஆக்சிஜன் உள்ளே போகும். காய்ந்தால் மூச்சு முட்டிச் சாகும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லா அறிவுரைக்கும் வேர் இந்த ஒரு செய்திதான். ஏன் இரவு, ஏன் மழைக்குப் பிறகு, ஏன் குளிர்ந்த ஓடை, ஏன் கையில் எடுக்கக் கூடாது என்று எதைக் கேட்டாலும் பதில் தோலில்தான் முடியும்.

பல்லியோடு குழப்பிக்கொள்வது எல்லோருக்கும் நேர்வது. பல்லிக்குச் செதில் உண்டு, விரல் நுனியில் நகம் உண்டு, வெயிலில் குளிர்காயும். சலமாண்டருக்குச் செதிலும் நகமும் இல்லை, தோல் வழவழப்பாகப் பளபளக்கும். வெயிலில் ஒரு பாறைமேல் விறுவிறுவென ஓடியது சலமாண்டராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வளர்ந்ததா, லார்வாவா?

நாம் தேடுவது வளர்ந்த சலமாண்டரை. ஓடைத் தண்ணீருக்குள் சரளைக்கற்களுக்கு இடையே நெளிவதில் பெரும்பகுதி லார்வாக்கள், அதாவது இன்னும் உருமாறாத இளம்பருவம். கழுத்தின் இருபுறமும் இறகுபோலச் செவுள் துருத்திக்கொண்டிருந்தால் லார்வா, இல்லையென்றால் உருமாறிவிட்டது. உடல் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊற்றுச் சலமாண்டரின் லார்வா மூன்று, நான்கு ஆண்டுகள்கூடத் தண்ணீரிலேயே கிடந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். அதே ஓடையில் முழுதாக வளர்ந்த மலை டஸ்கி என்ற வேறோர் இனம் அதைவிடச் சிறிதாக இருக்கலாம்.

இன்னொரு வேறுபாடு தேடலுக்கே உதவும். லார்வா தண்ணீருக்கு உள்ளே. வளர்ந்தது பெரும்பாலும் தண்ணீரும் கரையும் தொடும் கோட்டில், அல்லது அதற்குச் சற்று மேலே. புதிதாக வருகிறவர்கள் ஓடை நடுவில் முழங்கால் நீரில் நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தேடுவது அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், கரைப் பொந்தில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும்.

ஓடையை அகலவாக்கில் படிப்பது

இந்தப் பகுதியை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டாலே பாதித் தேடல் முடிந்தது.

டெஸ்மோக்னாதஸ் என்ற பேரினம்தான் இந்த ஓடைகளின் முக்கியக் குடி. கண்ணிலிருந்து தாடை மூலைவரை சாய்வாக ஓடும் வெளிர் கோடும், முன்கால்களைவிடத் தடித்த பின்கால்களும் இதன் அடையாளம். இதில் பல இனங்கள் ஒரே ஓடையில் வாழும், ஆனால் கலந்து கிடக்காது. நீர் நடுவிலிருந்து காட்டுத் தரைவரை வரிசை கட்டி நிற்கும். பெரியது தண்ணீர்ப் பக்கம், சிறியது கரைப் பக்கம். நெல்சன் ஹேர்ஸ்டன் என்ற சூழலியலாளர் 1949-ல் இந்த வரிசையை விரிவாக எழுதினார். அதன் பிறகு இந்த மலைகளின் சலமாண்டர் ஆய்வுகளில் அது திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. பெரியது சிறியதைத் தின்னும், நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறியது தப்பிக்கக் கரையேறுகிறது. வரிசைக்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று.

ஆகவே ஓடைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே வாருங்கள்.

நீர் பாய்ந்தோடும் இடத்தில், கற்களுக்கு அடியில் இருப்பது ஷவல்நோஸ் என்ற இனம். தட்டையான, ஆப்பு வடிவத் தலை, சிறிய கண், வளர்ந்த பிறகும் தண்ணீரை விட்டு அநேகமாக வெளியே வராது. பார்ப்பது கடினம், முதல் நாளில் இதற்காக ஏங்க வேண்டாம்.

நீர் விளிம்பில், பாறைக்கு அடியிலுள்ள பொந்துகளில், அருவி தெறிக்கும் இடத்தில் கருவயிற்றுச் சலமாண்டர். அங்கே பிளாக்பெல்லீட் என்பார்கள். தடித்த உடம்பு, 15 சென்டிமீட்டரைத் தாண்டும் நீளம், கரிய வயிறு, விலாவில் வெண்புள்ளி வரிசை, கத்திபோல் மேல் விளிம்பு கூர்ந்த வால். பகலிலேயே பொந்து வாயில் தலையை நீட்டி உட்கார்ந்திருப்பதைச் சில நேரம் பார்க்கலாம். இதை ஒரே இனம் என்று சொல்லிவந்தார்கள். 2022-ல் மரபணு ஆய்வை வைத்துப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். பழைய கையேட்டில் இருக்கும் பெயரும் புதிய பட்டியலில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் குழம்ப வேண்டாம். மலைத்தொடரின் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் பெயர் சொல்ல வேண்டியிருக்கும்.

அதிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி, ஈரக் கரையிலும் ஓடைக்குள் துருத்தி நிற்கும் பாறைகளின் மேலும் சீல் சலமாண்டர். இரவில் பாறைமேல் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் தோரணை கடல்நாயை நினைவூட்டுவதால் வந்த பெயர். முதுகில் கருமையான புழு நெளிவுக் கோலம், வயிறு வெளுப்பு. விலாவில் கருமையும் வெளுப்பும் கோடு கிழித்ததுபோல் பிரியும். ஆரம்பத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இதுதான்.

கரையைத் தாண்டி, கசிவு நீரில் நனைந்த பாறை முகத்திலும் பாசியிலும், சில சமயம் காட்டுக்குள் பல மீட்டர் தள்ளியும் மலை டஸ்கி. 7 முதல் 11 சென்டிமீட்டர், வால் உருண்டை. நிறத்தில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது: மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை, பட்டையே இல்லாத கறுப்பு. நிறத்தை வைத்து இதை அடையாளம் காண முயன்றால் தோற்பீர்கள். வாலைப் பாருங்கள்.

இந்த வரிசைக்கு வெளியே இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, புளூ ரிட்ஜ் இருகோட்டுச் சலமாண்டர்: மெலிந்த உடம்பு, மஞ்சளோ ஆரஞ்சோ, முதுகின் இருபுறமும் இரண்டு கறுப்புக் கோடு. குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும் இனப்பெருக்கத்துக்கு ஓடைக்கு வரும், கோடையில் காட்டுக்குள் அலையும். மற்றொன்று, ஊற்றுச் சலமாண்டர்: வெளிறிய இளஞ்சிவப்பு நிறம், கண்ணிலிருந்து மூக்குவரை வெள்ளைக் கோடு, அதற்கடியில் கறுப்பு விளிம்பு, சில 20 சென்டிமீட்டரையும் தொடும். ஊற்றுக்கண்ணிலும் ஓடையின் தலைப்பிலும் இருக்கும். பிற சலமாண்டர்களைப் பிடித்துத் தின்னும்.

எந்த ஓடை நல்ல ஓடை

ஆறு வேண்டாம். ஒன்றிரண்டு மீட்டர் அகலமுள்ள, தாண்டிக் குதிக்கக்கூடிய தலையோடை போதும். சிறிய ஓடையில் டிரவுட் மீன் குறைவு அல்லது இல்லை; மீன் இருக்கும் இடத்தில் சலமாண்டரும் அதன் லார்வாவும் இரையாகும். சரிவு இருக்க வேண்டும், படிப்படியாக விழ வேண்டும், மேலே மரக்கூரை மூடியிருக்க வேண்டும். ரோடோடென்ட்ரான் புதர் இருபுறமும் அடர்ந்து வெயில் விழாத ஓடை என்றால் நின்று பார்க்கத்தக்கது.

அடுத்து கற்களைப் பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காலி இடம் இருக்கிறதா? மேட்டில் சாலை வெட்டினாலோ மரம் வெட்டினாலோ வண்டல் இறங்கி அந்த இடுக்குகளை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்க்க அழகான ஓடையாகவே தெரியும். ஆனால் கற்கள் சிமென்டில் பதித்ததுபோல் இறுகியிருக்கும். அங்கே ஒளிய இடமில்லை, சலமாண்டரும் இருக்காது. விரலால் ஒரு சிறு கல்லை அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது மட்டும் நல்ல அறிகுறி ஆகாது. ஸ்மோக்கி மலையில் அனகீஸ்டா என்ற பாறை அடுக்கு உண்டு. அதிலுள்ள பைரைட் என்ற கனிமம் காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும். 1960-களில் நியூஃபவுண்ட் கேப் சாலைப் பணியில் அந்தப் பாறையை வெட்டிக் கொட்டியதால் கீழே ஓடிய ஓடை அமிலமாகி, சலமாண்டர்கள் செத்தொழிந்தன. பாறை வெட்டின் கீழே கற்களில் துருநிறமோ வெள்ளைப் படிவோ தெரிந்தால் நேரத்தை வீணாக்காமல் அடுத்த ஓடைக்குப் போங்கள்.

மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: சாலையோரப் பாறை முகத்தில் சொட்டுச் சொட்டாகக் கசியும் நீர். ஓடை என்று சொல்லவே முடியாது. ஆனால் அங்கே இரவில் விளக்கடித்தால் ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு தலை தெரியும். வண்டி வேகமாகப் போகும் சாலையாக இருந்தால் வேண்டாம். நடைபாதை ஓரத்துக் கசிவே போதும்.

2024 செப்டம்பர் கடைசியில் வந்த ஹெலீன் புயல் மேற்கு வட கரோலினாவின் ஓடைகளைப் புரட்டிப் போட்டுவிட்டது. பழைய குறிப்புகளில் இருக்கும் கரையே இப்போது வேறாக இருக்கலாம், பாதைகளும் மூடியிருக்கலாம். கிளம்பும் முன் காட்டுத் துறையின் மூடல் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம்வரை ஒரு காலம், செப்டம்பர், அக்டோபர் இன்னொன்று. நடுக்கோடையிலும் ஓடை இனங்கள் இரவில் வெளியே வரும், நீர் குளிர்ச்சியாகவே இருப்பதால். காட்டுத் தரையில் வாழும் இனங்கள்தான் அப்போது மண்ணுக்கடியில் போய்விடும்.

காற்று 10 முதல் 18 டிகிரி செல்சியஸ், இலைகள் நனைந்திருக்க வேண்டும், காற்று வீசக் கூடாது. பகலில் மழை பெய்து மாலையில் நின்ற இரவு, அல்லது தூறல் விழும் இரவு சிறப்பு. கொட்டும் மழையில் போவதில் பயனில்லை: நீர்ப்பரப்பு கலங்கி எதுவும் தெரியாது, சலமாண்டர்கள் காடெங்கும் சிதறிவிடும், ஓடை ஏறினால் உங்களுக்கே ஆபத்து. 5 டிகிரிக்குக் கீழே போனால் வீட்டிலேயே இருங்கள்.

சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கினால் சரியாக இருக்கும். மே, ஜூனில் அங்கே எட்டரை மணிக்கு மேல்தான் இருட்டும் என்பதைக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டும். இருட்டிய முதல் மூன்று மணி நேரம்தான் நல்ல நேரம்.

சட்டம் என்ன சொல்கிறது

தேசியப் பூங்காவுக்குள் காட்டுயிரைத் தொடுவது, சீண்டுவது, இயற்கை நிலையைக் கலைப்பது எல்லாம் கூட்டாட்சி விதிப்படி குற்றம். ஆகவே ஸ்மோக்கியிலும், அதே பூங்காத் துறையின் மலைச்சாலையான புளூ ரிட்ஜ் பார்க்வேயிலும் கல்லைப் புரட்டுவதும் கையில் எடுப்பதும் கூடவே கூடாது. கண்ணால் பார்ப்பது மட்டும். செயற்கை ஒளியில் விலங்குகளைப் பார்ப்பதைத் தடை செய்யும் அதிகாரமும் பூங்கா நிர்வாகத்துக்கு உண்டு. இரவு நடைக்கு முன் ரேஞ்சர் நிலையத்தில் அந்தப் பகுதியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்மோக்கியில் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தக் கட்டணச் சீட்டு வேண்டும்: 2023 மார்ச்சில் தொடங்கியபோது நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40.

தேசியக் காடுகளில் சற்றுத் தளர்வு உண்டு, ஆனால் மாநில வனவிலங்குச் சட்டம் அங்கேயும் செல்லும். எதையும் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. மீன்தொட்டியில் வளர்க்கலாமே என்று குழந்தை கேட்கும். வீட்டு அறை வெப்பத்திலேயே அது செத்துப்போகலாம் என்பதே நேர்மையான பதில்.

கையில் வேண்டியவை

200 முதல் 300 லுமென் தலைவிளக்கு ஒன்று, அதே அளவில் கைவிளக்கு இன்னொன்று, மாற்று பேட்டரி. தலைவிளக்கு மட்டும் இருந்தால் ஒளி உங்கள் கண்ணுக்கு நேராகவே போய்ப் பாறையைத் தட்டையாகக் காட்டும்; கைவிளக்கை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து, கல்லிலிருந்து உடம்பு பிரிந்து தெரியும். இந்த ஒரு மாற்றமே கண்ணில் படும் எண்ணிக்கையை நன்றாகக் கூட்டும்.

காலுக்கு, பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ரப்பர் பூட்ஸ். செருப்போ சாதாரண ஓட்டக் காலணியோ வேண்டாம். பாசிப் பாறையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, உண்ணிக்காக. பூச்சிவிரட்டி மருந்தைக் கையில் பூசாதீர்கள். அது சலமாண்டரின் தோல் வழியாக நேராக உள்ளே போகும். சானிடைசர், சன்ஸ்கிரீன், கைக்களிம்பு எல்லாவற்றுக்கும் இதே விதி.

சிறு வெப்பமானி, குறிப்பேடு, படமெடுக்கத் தொலைபேசி அல்லது கேமரா. பகலில் போனால் போலரைசர் வில்லை நீரின் மினுக்கலை வெட்டித்தரும். சிக்னல் இருக்காது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும்.

இரவுத் தேடல்

பகல் வெளிச்சத்திலேயே ஒருமுறை ஓடையைப் பார்த்துவிடுங்கள். எங்கே இறங்கலாம், எங்கே ஏறலாம், ஆழ மடு எங்கே என்று குறித்துக்கொண்டு 50 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். 50 மீட்டர்தானா என்று தோன்றும். ஒழுங்காகப் பார்த்தால் அதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

இருட்டியதும் கீழ்முனையில் தொடங்கி, நீரோட்டத்துக்கு எதிராக மேலே போங்கள். கலங்கல் உங்களுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் நீர் தெளிவாக இருக்கும். முடிந்தவரை ஓடைக்குள் கால் வைக்காமல் கரையோரக் கற்களில் நடப்பது நல்லது.

மூன்று அடி எடுத்து வைத்து, நின்று, விளக்கை மெதுவாக ஓட்டுங்கள். முதலில் நீர்விளிம்பு. பிறகு நீருக்குள் துருத்தும் பாறைகளின் மேல்புறம். பிறகு கரைப் பொந்துகள், வேர் இடுக்குகள், பாசித் திட்டின் அடிப்பக்கம். கடைசியாகக் கரைக்கு மேலே ஒரு மீட்டர்வரை இலைச்சருகு. தவளைக்கும் சிலந்திக்கும் இருப்பதுபோல் கண் மின்னும் என்று காத்திருக்காதீர்கள். சலமாண்டரின் கண் அவ்வளவாக மின்னாது. தேட வேண்டியது வடிவத்தை: ஈரக் கல்லில் இருக்கக் கூடாத ஒரு வளைவு, பொந்து வாயில் உருண்டையான ஒரு மூக்கு நுனி.

கண்டதும் விளக்கை நேராக அடிக்காமல் ஒளி விளிம்பை மட்டும் அதன்மேல் படவிடுங்கள். பளிச்சென்று ஒளி பட்டால் சில விநாடிகள் அசையாமல் இருந்துவிட்டுப் பின்னோக்கிப் பொந்துக்குள் வழுக்கிப் போய்விடும். போய்விட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சீலும் கருவயிற்றுச் சலமாண்டரும் பெரும்பாலும் அதே பொந்துக்கே திரும்பித் தலைநீட்டும். நிலம் அதிர நடந்தால் இந்த உத்தி பலிக்காது.

கல் புரட்டுவது: கடைசி வழி

சலமாண்டர் தேடுவது என்றாலே கல் புரட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். இருகோட்டுச் சலமாண்டர் மார்ச் முதல் மே வரை ஓடைக் கல்லின் அடிப்புறத்தில் முட்டை ஒட்டிவைத்துக் காவல் இருக்கும். டெஸ்மோக்னாதஸ் தாய்கள் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை கல்லுக்கும் பாசிக்கும் அடியில் முட்டையைச் சுற்றிப் படுத்திருக்கும். ஒருமுறை திறந்தால் ஈரம் போகும், தாய் விட்டுப் போகலாம், முட்டை பூஞ்சணம் பிடிக்கும். மிஞ்சுவது அக்டோபரும் குளிர்காலமும்தான். அந்தக் கொஞ்சக் காலத்துக்கு, அனுமதியுள்ள இடத்தில் மட்டும், முறை இது:

1. நீர்விளிம்பில், பாதி ஈர மண்ணில் உட்கார்ந்திருக்கும் 15 முதல் 40 சென்டிமீட்டர் தட்டைக்கல்லைத் தேர்ந்தெடுங்கள். மண்ணில் ஆழப் பதிந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கையால் அசையாத எதையும் தொட வேண்டாம்.

2. கல்லுக்குப் பின்னால் நின்று, அதன் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் பாம்பு இருந்தால் கல் உங்களுக்கும் அதற்கும் நடுவில் கேடயமாக இருக்கும், வெளியேறும் வழி மறுபக்கம் கிடைக்கும்.

3. சரித்தபடியே பிடித்துக்கொண்டு பத்து விநாடி காத்திருங்கள். கலங்கல் நீங்கிய பிறகுதான் எதுவும் தெரியும். அவசரப்பட்டுக் கையைத் துழாவுவதில்தான் வால் முறிகிறது.

4. முட்டையோ, சுருண்டு படுத்த தாயோ தெரிந்தால் அந்தக் கணமே கல்லைப் பழையபடி இறக்குங்கள். படம் எடுக்க நிற்க வேண்டாம்.

5. அடியில் சலமாண்டர் இருந்தால் கல்லை அதன்மேல் இறக்கக் கூடாது. ஈரக் கையால் பக்கத்துக்கு நகர்த்தி, கல்லை அதே குழியில், அதே பக்கம் கீழாக வைத்துவிட்டு, ஓரத்தில் விடுங்கள். தானே உள்ளே நுழைந்துகொள்ளும்.

ஒரு 50 மீட்டரில் பத்துக் கல் போதும். கல்லைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறவர்களால் வருகிற கேடு பெரிது. அடிப்புறத்து ஈரப் பரப்பு வெயிலில் காய்ந்ததும் அதை நம்பிய பூச்சிகள் போகும். பூச்சி போனால் சலமாண்டரும் போகும். சும்மா அழகுக்குக் கல் அடுக்கிக் கோபுரம் கட்டுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

தொட நேர்ந்தால்

தொடாமல் பார்ப்பதே மேல். நகர்த்த வேண்டிய கட்டாயம் வந்தால் ஓடை நீரில் கையை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது பொடி தடவாத நைட்ரைல் கையுறையை நனைத்துப் போடுங்கள். வாலைப் பிடிக்கக் கூடாது. இவற்றில் பல வாலைக் கழற்றிவிட்டு ஓடும். சேமித்த கொழுப்பில் பெரும்பகுதி அந்த வாலில்தான் இருக்கிறது. மறுபடி வளர்க்கப் பல மாதம் ஆகும். மனித உள்ளங்கைச் சூடு இதற்கு அடுப்புபோல. பத்து விநாடிக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. கருவயிற்றுச் சலமாண்டர் கடிக்கும். வலிக்காது, ஆனால் திடுக்கிட்டுக் கையை உதறினால் அது பாறையில் மோதிச் சாகும்.

அடையாளத்துக்கு நான்கு படம் போதும்: மேலிருந்து முழு உடம்பு, பக்கவாட்டில் தலை, விலா, வால். ஐ-நேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அரிய இனம் என்றால் இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் போடாதீர்கள். திருடிப்போய் விற்கிறவர்களும் அதையேதான் பார்க்கிறார்கள்.

அடிக்கடி குழம்பும் ஒரு ஜோடி. சிவப்பு உடம்பில் கரும்புள்ளிகள், மஞ்சள் கருவிழி வளையம், முகத்தில் கோடில்லை என்றால் சிவப்புச் சலமாண்டர். முன்பு சொன்ன வெள்ளைக்கோடும் கறுப்பு விளிம்பும் முகத்தில் இருந்தால் ஊற்றுச் சலமாண்டர். பகலிலேயே காட்டுப்பாதையில் பளீர் ஆரஞ்சு நிறத்தில், சொரசொரப்பான உலர்ந்த தோலோடு நிதானமாக நடந்துபோவது இரண்டும் இல்லை. அது கிழக்கத்திய நியூட் என்ற வேறொரு சலமாண்டர் வகையின் தரைவாழ் இளம்பருவம். அந்த நிறம் நஞ்சு இருக்கிறது என்ற அறிவிப்பு. பார்த்துவிட்டு வழிவிடுங்கள்.

ஹெல்பெண்டரை விட்டுவிடுங்கள்

70 சென்டிமீட்டர்வரை வளரும், வட அமெரிக்காவின் மிகப் பெரிய சலமாண்டர்களில் ஒன்று இது. பெரிய ஓடைகளிலும் ஆறுகளிலும் அகன்ற பாறைப்பலகைக்கு அடியில் வாழும். தேட ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் முழுக்க ஆண் அந்தப் பாறைக்கடியில் முட்டைகளைக் காத்துக்கிடக்கும், ஒருமுறை பாறையைத் தூக்கினால் அந்த ஆண்டின் கூடு போய்விடும். வட கரோலினாவில் இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சட்டவிரோதம். 2024 டிசம்பரில் கூட்டாட்சி வனவிலங்குத் துறை இதை அழியும் நிலை இனமாக அறிவிக்க முன்மொழிந்தது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் தெளிந்த நீரில் கரையில் உட்கார்ந்து, கல் விளிம்பில் தட்டையான தலை வெளிவருகிறதா என்று பொறுமையாகக் கவனிப்பது ஒன்றே வழி. தூண்டிலில் மாட்டினால் நூலை முள்ளுக்கு அருகே வெட்டிவிட்டு நீரிலேயே விட வேண்டும். விஷம் என்று நினைத்துக் கொல்கிறவர்கள் இன்னும் உண்டு. அதற்கு விஷம் கிடையாது.

உங்கள் உடம்புக்கு

ஓடைத் தேடலில் உண்மையான ஆபத்து பாம்போ கரடியோ கிடையாது, வழுக்கல்தான். இரு கையிலும் பொருள் வைத்துக்கொண்டு பாறை ஏறாதீர்கள். தனியாகப் போக வேண்டாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். 12 டிகிரிக் காற்றில் நனைந்த பருத்திச் சட்டையோடு ஒரு மணி நேரம் நின்றால் கை நடுங்கத் தொடங்கும். உலர்ந்த மாற்றுடை வண்டியில் இருக்கட்டும். மேல்மலையில் இடி கேட்டாலோ, தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ உடனே கரையேறிவிடுங்கள்.

காப்பர்ஹெட், டிம்பர் ராட்டில்ஸ்னேக் ஆகிய இரண்டு நஞ்சுப் பாம்புகள் அங்கே உண்டு. பார்க்காத இடத்தில் கை வைக்காமல் இருந்தால் சிக்கல் வராது. கருங்கரடி உள்ள காடு என்பதால் தின்பண்டத்தை ஓடையோரத்தில் விரிக்க வேண்டாம். பேசிக்கொண்டே நடந்தால் அதுவே விலகிவிடும்.

வெறுங்கையோடு திரும்பினால்

பெரும்பாலும் காரணம் வேகம். அரை மணி நேரத்தில் அரை கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள். அடுத்தது வறட்சி: மூன்று நாள் மழையில்லை என்றால் கரை காய்ந்திருக்கும், எல்லாம் உள்ளே போயிருக்கும். அப்போது ஓடையை விட்டுவிட்டு ஊற்றுக்கண்ணைத் தேடிப் போங்கள், அங்கே ஈரம் மாறாது. மூன்றாவது, ஓடை பெரியது. கிளை ஓடை ஒன்றைப் பிடித்து மேலே ஏறுங்கள். நான்காவது, மக்கள் அதிகம் விளையாடும் இடம்: சுற்றுலா அருவியின் அடிவாரத்தில் கல்லெல்லாம் புரண்டு கிடக்கும், 200 மீட்டர் மேலே போனால் நிலைமை மாறிவிடும்.

திரும்பும்போது கழுவ வேண்டும்

பிசால் என்ற தோல்பூஞ்சை ஐரோப்பாவில் சலமாண்டர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 2013-ல்தான் அதற்குப் பெயரிட்டார்கள். அது நுழையாமலிருக்க அமெரிக்கா 2016-ல் 20 சலமாண்டர் பேரினங்களின் இறக்குமதியைத் தடுத்தது. தவளைகளைக் கொல்லும் வேறொரு பூஞ்சையும் ரானா வைரஸும் அங்கே ஏற்கெனவே உண்டு. இவை ஒரு ஓடையிலிருந்து மறு ஓடைக்கு நம் பூட்ஸ் சேற்றிலேயே பயணம் போகும்.

ஓடையிலேயே பிரஷ் வைத்துச் சேற்றையெல்லாம் தேய்த்து நீக்குங்கள். சேறு இருந்தால் மருந்து வேலை செய்யாது. பிறகு ஓடையிலிருந்து தள்ளி, வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பூட்ஸின் அடியையும் பக்கங்களையும் 10 நிமிடம் ஊறவிட்டு, கொண்டுவந்த நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அந்த நீர் ஓடைக்கு வழியக் கூடாது. வாளியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள். ஒரே இரவில் இரண்டு ஓடை பார்ப்பதாக இருந்தால் இரண்டு ஜோடி பூட்ஸ் எடுத்துப் போவது எளிது.